எந்த வண்டியில் ஏற்றுவது?

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டரிலும் வரும், லாரியிலும் வரும். எந்த வண்டி என்பது விவசாயிக்குப் பெரிதல்ல. வெட்டு உத்தரவு வந்து வெட்டிய கரும்பு, காயுமுன் எடைமேடை ஏற வேண்டும்; காயக் காய எடையும் போகும், சர்க்கரைச் சத்தும் போகும்.

வலையில் தகவல் அனுப்பும் மென்பொருளை எழுதுபவருக்கு இந்தச் சௌகரியம் இல்லை. 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்த ‘சாக்கெட்’ முறையில், வண்டியை, அதாவது தகவலைக் கொண்டுசெல்லும் நெறிமுறையை, பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்: ஒரு பைட்டும் தவறாமல் வரிசையாகச் சேர்க்கும் டிசிபியா, தொலைந்தால் தொலையட்டும் என்கிற யுடிபியா? மனம் மாறினால் நிரலைத் திருத்த வேண்டியதுதான்.

2000-இல் எஸ்சிடிபி வந்தது. ஒரு பாதை அறுந்தாலும் மறுபாதையில் ஓடும், நல்ல வண்டி. வீட்டு ரவுட்டர்களுக்கும் ஃபயர்வால்களுக்கும் அதை அடையாளம் தெரியவில்லை, மறித்துவிட்டன. வழி இல்லாததால் கேட்பாரில்லை, கேட்பாரில்லாததால் வழி திறக்கவில்லை. செல்பேசி நிறுவனங்களின் உள்வலையில் இன்றும் ஓடுகிறது. 2021-இல் தரநிலையான குவிக் என்ற வண்டி, யுடிபியின் முதுகில் ஏறித்தான் அந்தச் சாவடிகளைத் தாண்டியது.

வண்டியைக் கேட்காதே, தேவையைச் சொல் என்பதுதான் ‘டாப்ஸ்’ என்ற புதிய இடைமுகத்தின் வழி. 2025 ஜனவரியில் ஆர்எஃப்சி 9622 என்ற இணைய ஆவணமாக வெளிவந்தது. நம்பகம், வரிசை போன்ற ஒவ்வொரு பண்புக்கும் ஐந்து பதில்கள்: கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, எதுவானாலும் சரி, தவிர்த்தால் நல்லது, கூடவே கூடாது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரிதான்!

மீதி வேலை அந்த இடைமுகத்தைத் தரும் மென்பொருள் நூலகத்துடையது. பொருந்தும் நெறிமுறைகளையும் பாதைகளையும் சேகரித்து, முதலாவதைக் கிளப்பிவிடும். சற்றுப் பொறுத்தும் பதில் வராவிட்டால், அதை நிறுத்தாமலே அடுத்ததையும் கிளப்பும். முந்திச் சேர்ந்தது நிலைக்கும், மற்றவை கைவிடப்படும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2015 முதல் 2018 வரை ‘நீட்’ என்ற நூலகத்தை இந்த நோக்கில் கட்டினார்கள். (மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆப்பிளும் 2018-இல் இதே போக்கில் ஓர் இடைமுகத்தைத் தந்தது.

இப்படி நூலகம் கட்டுபவருக்கு ஒரு சிக்கல் மிஞ்சும். டாப்ஸில் அனுப்புவது தனித்தனிச் செய்தி, கரும்புக் கட்டு மாதிரி. டிசிபியோ எல்லாவற்றையும் பிழிந்து சாறாக ஓட்டிவிடும்; கட்டு எங்கே முடிந்தது என்பது மறுமுனைக்குத் தெரியாது. அதற்காக ‘ஃப்ரேமர்’ என்ற சிறு நிரல் ஒவ்வொரு செய்தியின் முன்னும் நீளத்தை எழுதி அனுப்பும். மறுமுனையில் உள்ள ஃப்ரேமர் அதைப் படித்து, சாற்றை மறுபடி கட்டாக்கும்.