கசிவின் ஊற்றுக்கண்

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் அடியில் சிறு ஈரம் தெரிகிறது. பெட்ரோல் நெடியும் வீசுகிறது. உடனே பெட்ரோல் டியூபை மாற்றிவிடுவது பலரின் வழக்கம். புதிய டியூப் பொருத்திய சில நாள்களில் அதே ஈரம் மீண்டும் தோன்றுவதும் உண்டு. நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் முறை. அது மனித உடலுக்கு மட்டுமன்றி இயந்திரத்திற்கும் பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் ஈரம் அறிகுறியே. காரணம் வேறோரிடத்தில் இருக்கலாம்.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல், சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும் நீர்மம். அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் அது மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையையொட்டிப் படர்ந்து, தாழ்வான இடங்களில் தேங்குகிறது. காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டை எட்டினால், தீப்பற்ற ஒரு பொறி போதும். மாடிப்படியின் அடியிலோ வீட்டின் முன்கூடத்திலோ வண்டியை நிறுத்துவோர் இதை மறத்தலாகாது. சில அடி தொலைவில் எரியும் விளக்கும் அடுப்பும்கூடத் தேங்கிய ஆவியைப் பற்றவைக்கக்கூடும்.

எனவே கசிவு தெரிந்த வண்டியை இயக்காமல், பெட்ரோல் டேப்பை மூடி, திறந்தவெளிக்குத் தள்ளிச் செல்ல வேண்டும். என்ஜினின் சூடு தணிந்த பின்னரே ஆய்வைத் தொடங்க வேண்டும். கைவிளக்கு தேவைப்பட்டால் தொலைவிலேயே அதை ஏற்றிக்கொண்டு வருதல் நன்று. உலர்ந்த மணல் வாளியோ உலர்தூள் தீயணைப்பானோ அருகில் இருக்க வேண்டும். பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவும் என்பதால், எரியும் பெட்ரோல்மீது நீர் ஊற்றுதல் தீயை விரிவாக்கும்.

துளியின் வழி

டேங்கின் அடிப்பகுதியில் புறப்படும் துளி டியூபின்மேல் ஊர்ந்து, என்ஜினின் விளிம்பைச் சுற்றி, வேறோரிடத்தில் சொட்டும். சொட்டும் இடமே கசியும் இடம் என்று கொள்வதால்தான் பழுதற்ற உறுப்புகள் மாற்றப்படுகின்றன. மேலிருந்து கீழாக எல்லாப் பகுதிகளையும் துணியால் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளை மெல்லிதாகத் தூவ வேண்டும். பின்னர் டேப்பைத் திறந்து காத்திருந்தால், தூள் முதலில் நனையும் இடம் புலப்படும். நனைந்த பகுதிகளுள் மேலே உள்ளதே ஊற்றுக்கண்.

டேப்பை மூடியும் கசிவு தொடர்ந்தால் டேங்கையும் டேப்பையும் ஆராய வேண்டும். மூடியதும் நின்றால் டியூபையும் கார்புரேட்டரையும் நோக்க வேண்டும். டேப்பின் உட்புறம் தேய்ந்திருந்தால் இச்சோதனை தவறான விடையைத் தரலாம். அந்நிலையில் டியூபின் கீழ்முனையைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, டேப்பை மூடிப் பார்க்க வேண்டும். புட்டியில் தொடர்ந்து துளி விழுந்தால் குறை டேப்பில் உள்ளது.

மிதவையும் ஊசியும்

கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. வீட்டு மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை எழுந்து நீர்வரத்தை அடைப்பதைப் போல, இம்மிதவையும் எழுந்து ஓர் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வழியை மூடுகிறது. ஊசிமுனை தேய்ந்தாலோ, அதன் இருக்கையில் தூசி தங்கினாலோ, மிதவை துளைபட்டு அமிழ்ந்தாலோ வழி மூடாது. பெட்ரோல் நிரம்பி வழியும். பட்டறைகளில் இதனை ‘ஓவர்ஃப்ளோ’ என்பர்.

வழியும் பெட்ரோல் எப்போதும் வெளியே தெரிவதில்லை. சிலவேளை அது உள்நோக்கிப் பாய்ந்து, என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயிலின் மட்டம் ஊற்றாமலே உயர்ந்திருப்பதும், அதில் பெட்ரோல் நெடி வீசுவதும் இதன் அடையாளங்கள். நீர்த்துப்போன ஆயில் உராய்வைத் தடுக்காது. அதனை மாற்றாமல் வண்டியை ஓட்டினால் என்ஜினே பழுதாகும்.

காரணத்தின் காரணம்

கிண்ணத்தைக் கழற்றித் தூசியை நீக்கினால் கசிவு நிற்கும். ஆனால் அத்தூசி எங்கிருந்து வந்தது என்ற வினா எஞ்சுகிறது. செந்நிறத் துகள் இருந்தால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்துள்ளது, வடிகட்டியும் கிழிந்திருக்கலாம். டேங்கைத் தூய்மை செய்து வடிகட்டியை மாற்றாவிடில் துரு மீண்டும் ஊசியின் இருக்கையை அடையும்.

வெடிப்பு விழுந்த டியூபிற்கு மாற்றாக, பெட்ரோலைத் தாங்கும் அதே அளவுடைய டியூபையே பொருத்த வேண்டும். நீர்க்குழாய்த் துண்டு பெட்ரோலில் ஊறிச் சிதையும். கிண்ணத்தின் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் மென்மையான உலோகத்தில் மரைகள் அழிந்து, புதிய கசிவு உண்டாகும். டேங்கில் துளை விழுந்திருந்தால் தாமாக வெல்டிங் செய்ய முற்படலாகாது. பெட்ரோலை வடித்த டேங்கிலும் ஆவி நிறைந்திருக்கும், அது வெடிக்கும். ஆவியை முற்றும் அகற்றும் முறையறிந்தோரே அப்பணிக்கு உரியவர்.

இந்தியாவில் பாரத் நிலை 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்கு மாற்றாக எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு இடம்பெற்றுள்ளது. அதன் குழாயில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால், கழற்றியதும் பீறிட்டுத் தெறிக்கும். அவ்வகை வண்டிகளின் குழாய்களைப் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.

பழுதுநீக்கியபின் வண்டியின் அடியில் உலர்ந்த தாளை விரித்து, டேப்பைத் திறந்து அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தாள் நனையாமலும் நெடி எழாமலும் இருந்தால் என்ஜினை இயக்கி மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும். மறுநாள் காலையும் தாள் உலர்ந்திருந்தால், மாற்றப்பட்டது உறுப்பு மட்டுமன்று, கசிவின் காரணமும் நீங்கிவிட்டது என்று துணியலாம்.