தெஹிவளையில் இல்லாத தெஹிவளை

இலங்கை ஓவியர் ஐவன் பீரிஸின் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்ப்பவருக்கு முதலில் வாயில் வரும் சொல் ‘கனவு’. சற்று வாசிப்புள்ளவர் என்றால் ‘சர்ரியலிசம்’ என்பார். கரை, தென்னைகள், அசையாத கடல், அதன் முன்னே யாருக்கோ காத்திருப்பதுபோல் நெட்டையான சில உருவங்கள். அந்த அமைதி நம்மைக் கலக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு சர்ரியலிசம் என்று பெயர் வைப்பது அவசரம். 1924இல் பாரிஸில் அந்திரே பிரெத்தோனின் அறிக்கையோடு கிளம்பிய அந்த இயக்கம், ஒன்றோடொன்று சேராதவற்றைச் சேர்த்து மனத்தை உலுக்கப் பார்த்தது. சல்வடோர் டாலி 1931இல் உருகி வழியும் கடிகாரங்களைக் கரையோர வெளியொன்றில் தொங்கவிட்டார். பீரிஸின் கரையில் இருக்கக்கூடாத பொருளென்று எதுவுமில்லை. வெள்ளவத்தையில் ரயிலேறி அடுத்த நிலையமான தெஹிவளையில் இறங்கினால் காணக்கூடியவையே எல்லாம்.

அந்தத் தெஹிவளையில்தான் அவர் 1921இல் பிறந்தார். 1946இல் அரச புலமைப்பரிசிலில் லண்டன் சென்று 1949இல் திரும்பினார். 1953இல் மறுபடி போனவர் இங்கு வந்து குடியேறவே இல்லை. 1988இல் இறக்கும்வரை பல காலம் வாழ்ந்தது தேம்ஸ் முகத்துவாரத்துச் சவுத்தெண்டில். அங்கும் கடல் உண்டு, ஆனால் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதைத் தாண்டவே 2 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான இறங்குதுறை கட்டினார்கள். வாசலில் அந்தக் கடல் கிடக்க, அவருடைய திரைச்சீலையில் தென்னை நின்றது. நினைவில் வைத்து வரையும்போது காற்றும் வியர்வையும் இரைச்சலும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அண்ணன் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் லண்டன் போனவர்தான். ஆனால் அவர் திரும்பிவந்து, 1956இல் ‘ரேகாவ’ படத்துக்காகக் கமெராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் கலையில் வெயில் சுடுகிறது, மற்றவர் கலையில் அது உறைந்திருக்கிறது.

பீரிஸும் சேர்ந்திருந்த ஓவியர் அமைப்பான ‘43 குழு’ 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட்டின் வீட்டில் அல்லவா கூடியது, வென்ட் சர்ரியலிசப் புகைப்படக் கலைஞர் மான் ரேயின் பாணியில் புகைப்படச் சோதனைகள் செய்தவர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சர்ரியலிசத்தை பீரிஸ் அறியாதிருந்திருக்க மாட்டார். ஆனால் அவர் தம் ஆரம்பகால ஓவியமொன்றைக் காணிக்கையாக்கியது, உருவங்களை நீட்டி வரைந்த எல் கிரெக்கோவுக்கு. அந்த நெடிய உருவங்களின் வேர் அங்கேயும் இருக்கிறது. அப்படியென்றால் இது வெறும் ஊரேக்கம்தானே என்பவர்களும் உண்டு. ஊரேக்கம் எதையும் இனிப்பாக்கிவிடும். பீரிஸின் கரையில் நிற்கும் மனிதர்களோ நம்மை வாவென்று அழைப்பதில்லை.

அவர்களை நேரில் பார்க்க விரும்புவோருக்கு, கொலன்னாவையிலிருந்து பொரளைப் பக்கமாக வந்தால் கொழும்பின் பார்ன்ஸ் பிளேஸ் தூரமில்லை. ஐவனுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஹரி பீரிஸின் வீடு அங்கே சபுமல் மன்றமாக இருக்கிறது. குருவின் சுவரில் சீடனின் ஓவியங்களும் தொங்குகின்றன.