ஈரலின் தழும்பும் இரத்தப் பரிசோதனையும்



கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து செல்லும் மகாவலி, சற்றுக் கீழே பொல்கொல்லையில் தடைப்பட்டுத் தேங்குகின்றது. 1976 ஆம் ஆண்டு முதல் அங்குள்ள அணை, நீரின் ஒரு பகுதியைச் சுரங்க வழியே திருப்பிவிடுகின்றது. ஈரல் நோயொன்றினை விளக்க இக்காட்சி துணைசெய்யும்.

1989 இல் இனங்காணப்பட்ட ஹெப்பற்றைற்றிஸ் ‘சி’ வைரசு, குருதி வழியாகத் தொற்றி, பல்லாண்டுகள் நோவின்றி ஈரலில் உறைவது. அது புண்படுத்திய இடங்களில் தழும்பு படிகின்றது. தழும்பு மிகுந்து ஈரல் இறுகும்போது, அதனூடே செல்லவேண்டிய குருதி தடைப்பட்டு மண்ணீரலில் தேங்குகின்றது. வீங்கிய மண்ணீரல் குருதிச் சிறுதட்டுகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கின்றது.

டெங்குக் காய்ச்சலால் நாம் யாவரும் அறிந்த அச்சிறுதட்டுகள், ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 க்குக் குறையாதிருத்தல் இயல்பு. டெங்கில் அவை சில நாட்களில் வீழ்ந்து மீளும். இங்கோ ஆண்டுக்காண்டு மெல்லக் குறையும். அவ்வேளையிலும் ‘ஏ.எல்.ரி.’ என்னும் ஈரல் நொதியம் இயல்பான அளவில் இருப்பதுண்டு. அதனை மட்டும் நம்பி ஆறுதலடைதல் தவறு. எனவேதான் வைத்தியர்கள் வயது, இரு நொதியங்கள், சிறுதட்டுகள் ஆகிய நான்கினையும் சேர்த்துக் கணித்துத் தழும்பினை மதிப்பிடுகின்றனர்.

இன்று 8 முதல் 12 கிழமைகள் உட்கொள்ளும் மாத்திரைகளால் 100 பேரில் ஏறத்தாழ 95 பேர் வைரசினின்றும் விடுபடுகின்றனர். எனினும் முற்றிய தழும்புடையோர்க்கு, புற்றுநோயை முன்னறியும் பொருட்டு, 6 மாதத்துக்கொருமுறை ஸ்கான் பரிசோதனை வேண்டும்.

ஆகவே, பழைய அறிக்கைகளை எறிந்துவிடாதீர்கள். வரிசையாகக் கோத்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஓர் அறிக்கை மறைப்பதைப் பல அறிக்கைகள் கூறிவிடும்.