புதிய மீன்தொட்டியைப் பதப்படுத்தல்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் சிலர், வீட்டு வளவிலே சீமெந்துத் தொட்டி கட்டிக் கப்பி, தங்கமீன் முதலிய அலங்கார மீன்களை உபவருமானத்துக்காக வளர்ப்பதுண்டு. தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே நிறைய மீன்களை விடுவோர் அவற்றை ஓரிரு வாரங்களுள் இழக்க நேரிடும். நீர் தெளிவாகவே இருக்கும். ஆயினும் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடி ஒவ்வொன்றாக மடியும். மீன் விற்றவரைக் குறைகூறுவதற்கு முன், தொட்டி பதப்பட்டதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

நஞ்சு தோன்றும் விதம்

மீன் தன் செவுள்களின் வழியாக அமோனியாவை இடையறாது வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் மலமும் அழுகும்போதும் அமோனியா உண்டாகும். மரக்கறிப் பாத்தியிலே யூரியாவோ எருவோ இட்டால் அங்கும் அமோனியா தோன்றுகின்றது. ஆனால் மண்ணிலுள்ள பற்றீரியாக்களுள் ஒருவகை அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். பயிர் நைத்திரேற்றை உறிஞ்சிக்கொள்ளும். புதிய தொட்டியிலோ இப்பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. ஆதலால் முதலில் அமோனியாவும் பின்னர் நைத்திரைற்றும் நீரிலே பெருகும். அமோனியா செவுள்களைக் கெடுக்கும். நைத்திரைற்று குருதியைக் கபில நிறமாக்கி, அது ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைக்கும். நைத்திரேற்றின் தீமை இவ்விரண்டினதும் தீமையிலும் மிகக் குறைவானது.

1877 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டறிஞரான சுலோசிங், மூன்ட்சு என்னும் இருவர் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயினூடாக மெல்லச் செலுத்தினர். ஏறத்தாழ 20 நாள்வரை அமோனியா மாறாமலே வெளிவந்தது. அதன் பின்னரே நைத்திரேற்று தோன்றியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியபோது அம்மாற்றம் நின்றுவிட்டது. இம்மாற்றம் உயிர்களின் தொழில் என்பதும், அவ்வுயிர்கள் பெருகுதற்குக் காலம் வேண்டும் என்பதும் இதனால் விளங்கின. புதிய மீன்தொட்டியில் நிகழ்வதும் இதுவே.

நீரின் காரத்தன்மை

காரம் மிகுந்த நீரிலே அமோனியாவின் நச்சுத்தன்மை கூடும். 28 பாகை சதமளவை வெப்பத்தில், பீ.எச். 7 ஆகவுள்ள நீரிலே மொத்த அமோனியாவின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பீ.எச். 8 ஆயின் அது 6 அல்லது 7 பங்காகும்; 9 ஆயின் ஏறத்தாழ 40 பங்காகும். புதுச் சீமெந்து நீரைக் கடுங்காரமாக்குவதால், புதிய தொட்டியில் இருவகை ஆபத்தும் ஒருங்கே உள்ளன.

செய்ய வேண்டியவை

1. புதிய சீமெந்துத் தொட்டியில் நீர் நிரப்பிச் சில நாள் விட்டு வெளியேற்றுக. இதனை இரண்டு மூன்று வாரங்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்க. நறுக்கிய வாழைத்தண்டை ஊறவைத்து, பின் நன்கு கழுவுவதும் வழக்கம்.

2. குழாய்நீராயின் குளோரீன் நீங்கும்படி ஒருநாள் திறந்து வைத்தபின் தொட்டியில் விடுக.

3. பற்றீரியாக்கள் கல், மணல், வடிகட்டி ஆகியவற்றின் மேற்பரப்பிலே ஒட்டி வாழ்வன. ஆகவே சரளைக்கல் வடிகட்டியொன்றை அமைத்துக் காற்றுப் பம்பியை இரவும் பகலும் இயக்குக. அமோனியாவிலுள்ள நைதரசன் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறுதற்கு ஏறத்தாழ நாலரைப் பங்கு ஒட்சிசன் வேண்டும்.

4. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒருபிடி சரளைக்கல்லை ஈரம் உலராமல் எடுத்து வடிகட்டியில் இடுக. தயிருக்கு உறையிடுவது போன்றதே இது.

5. மீன் விடாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனிரையை நீரில் இடுக. அது அழுகுவதால் வரும் அமோனியாவே பற்றீரியாவுக்கு உணவு.

6. அலங்கார மீன் கடைகளிற் கிடைக்கும் பரிசோதனைத் திரவங்களால் நீரை வாரம் இருமுறை சோதிக்க. முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின் நைத்திரைற்று ஏறி இறங்கும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். இரை இட்டுவரும்போதும் இரண்டும் பல நாள் தொடர்ந்து இல்லாதிருப்பின் தொட்டி பதப்பட்டதென அறிக.

மீன் விட்டபின்

நீரிற் பாதியை மாற்றிவிட்டுச் சில மீன்களை மட்டும் முதலில் விடுதல் வேண்டும். வாரந்தோறும் சோதித்து, நஞ்சு தோன்றாவிடின் மேலும் சிலவற்றைச் சேர்க்கலாம். வடிகட்டிக் கற்களைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவலாகாது; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும். வெயிலில் உலர்த்தினும் பற்றீரியாக்கள் அழியும். மீன்களை விற்றுத் தொட்டி வெறுமையானாலும் சிறிதளவு இரை இட்டு வருதல் நன்று.

வெளியேற்றும் நீரிலே நைத்திரேற்று உள்ளமையால் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்கு அதனைப் பாய்ச்சலாம். உப்பு இட்ட நீரைப் பாய்ச்சலாகாது. கிணற்றருகே ஊற்றுவதும் தகாது. நைத்திரேற்று நிலத்தினூடே எளிதில் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும்.

விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துவது போன்றே மீன் விடுமுன் தொட்டியைப் பதப்படுத்தல் வேண்டும். ஆறு வாரப் பொறுமை, மீனுக்குச் செலவிட்ட பணத்தைக் காக்கும்.