பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

டிசம்பர் பிறந்ததும் டெல்லி சரோஜினி நகர் சந்தையில் ஜாக்கெட்டும் கையுறையும் மலைமலையாகக் குவிந்துவிடும். இமயமலைக்குக் கிளம்புகிற இளைஞர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட, பேரம் பேசி அள்ளிப் போகிறார்கள். குளிரைச் சமாளிக்க இவை உதவும். பனிச்சரிவில் எந்த உடையும் காப்பாற்றாது. அங்கே பனியின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் தனி அடுக்கு. பொழிந்து ஓய்ந்தபின் வானம் தெளிந்து கடுங்குளிர் நீடித்தால், தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே இருக்க, மேற்பரப்பு அதைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். 10 செ.மீ. இடைவெளியில் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நீராவி கீழிருந்து மேலேறி, துகள்களின்மேல் உறைந்து, அவற்றை முனைமுனையான படிகங்களாக்குகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரைபோல் விரலிடுக்கில் உதிரும்.

இந்த உதிரி அடுக்கின்மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பாளமாகிவிட்டால், ஒருவர் மிதித்தாலே போதும். அடியடுக்கு நொறுங்கும், விரிசல் நொடியில் பரவும், பாளம் மொத்தமாக வழுக்கும். இப்படிச் சிக்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கிளப்பிவிட்டது அவர்கள் காலோ, கூட வந்தவர் காலோதான். 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் இது அதிகம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். நடக்கையில் காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

பனியில் புதைந்தவர் பிழைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். அது உறைபனிச் சுவர் இடிந்து விழுந்த வேறு வகை விபத்து. அந்தப் பத்துப் பேரில் ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அத்தனை நாள் உயிர் தங்கியது அபூர்வத்திலும் அபூர்வம். பொதுவாக, புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தாக வேண்டும்; தாமதித்தால் மூச்சுத் திணறியே போய்விடுவார்.

அதனால் மீட்பு என்பது கூட வந்தவர் கையில்தான். புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மண்வெட்டியைக் கனம் என்று அடிவார முகாமில் விட்டுச் செல்பவருடன் எந்தப் பனிச் சரிவிலும் ஏறாதீர்கள்.