சிறார் குடியேற்றமும் போர்க்களமும்: கிளாட் நன்னியின் வாழ்க்கைவழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

1869 முதல் 1930கள் வரை பிரித்தானியாவிலிருந்து ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறார்கள் பெற்றோர் துணையின்றிக் கனடாவிற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கிளாட் நன்னி முதல் உலகப் போரில் கனடியப் படைவீரராகப் போரிட்டு, பிரித்தானியப் பேரரசின் உயரிய வீர விருதாகிய விக்டோரியா சிலுவையைப் பெற்றார். இவரது வாழ்க்கையை முன்வைத்து, சிறார் குடியேற்றத்திற்கும் படைச்சேர்க்கைக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. படைவீரரின் புகழ், அவரை நாடு கடத்திய திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சிறார் குடியேற்றம், இல்லச் சிறார், கனடா, முதல் உலகப் போர், விக்டோரியா சிலுவை.

முன்னுரை

குடியேற்ற வரலாறு பெரும்பாலும் தாமே முடிவெடுத்துக் கடல் கடந்த பெரியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தம் விருப்பம் கேட்கப்படாமலேயே அனுப்பப்பட்ட சிறார்களின் வாழ்க்கை, நிறுவனங்களின் பதிவேடுகளில் ஓரிரு வரிகளாக மட்டுமே எஞ்சியுள்ளது. அச்சிறார்கள் வளர்ந்து படையில் சேர்ந்தபோது வேறுவகை ஆவணங்கள் உருவாயின. இவ்விரு வகை ஆவணங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை நன்னியின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

இல்லச் சிறார் திட்டம்

மரியா ரை என்னும் பெண்மணி 1869இல் சிறுமியர் குழுவொன்றைக் கனடாவிற்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டு ஆனி மெக்பர்சன் இப்பணியில் இறங்கினார். மருத்துவர் பர்னார்டோவின் அமைப்பு 1882இல் தன் முதற்குழுவை அனுப்பியது. கத்தோலிக்க அமைப்புகளும் தனியே சிறார்களை அனுப்பின. புகலிடங்களாகிய ‘ஹோம்’களிலிருந்து சென்றதால் இவர்கள் ‘ஹோம் சில்ரன்’, அதாவது இல்லச் சிறார் என்று அழைக்கப்பட்டனர்.

இவர்களுள் பெரும்பாலோர் பெற்றோரை முற்றிலும் இழந்தவர் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடிருந்தும், வறுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றால் புகலிடங்களில் விடப்பட்டவர்களே மிகுதி. நகரச் சேரியிலிருந்து மீட்டுத் தூய காற்றும் உழைப்பும் உள்ள நாட்டுப்புறத்தில் வாழவைப்பது அறச்செயல் என்று அமைப்புகள் கருதின. கனடாவின் பண்ணைகளுக்கோ வேலையாட்கள் தேவைப்பட்டனர். அறநோக்கும் உழைப்புத் தேவையும் இவ்வாறு ஒன்றிணைந்தன. சிறுவர் பண்ணை வேலைக்கும் சிறுமியர் வீட்டு வேலைக்கும் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர்.

குறைகள் தொடக்கத்திலேயே சுட்டப்பட்டன. பிரித்தானிய அரசின் ஆய்வாளர் ஆண்ட்ரூ டாய்ல் 1875இல் அளித்த அறிக்கை, சிறார்கள் பண்ணைகளில் அமர்த்தப்பட்டபின் முறையாகக் கண்காணிக்கப்படவில்லை என்று கண்டித்தது. 1895இல் ஜார்ஜ் கிரீன் என்னும் இல்லச் சிறுவன் ஒன்ராறியோப் பண்ணையொன்றில் இறந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. ஆனால் அவ்விவாதம் பண்ணையாளர்களின் நடத்தையோடு நிற்காமல், இத்தகைய சிறார்கள் நாட்டின் நலத்திற்கே கேடு என்ற வாதமாகவும் திரும்பியது. 1897ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டம் கண்காணிப்பை வலியுறுத்தியதோடு, ‘தீய நாட்டமுடைய’ சிறார்களைக் கொண்டுவருவதையும் தடை செய்தது. இல்லச் சிறார் இரக்கத்திற்குரியவராக மட்டுமன்றி ஐயத்திற்குரியவராகவும் நோக்கப்பட்டனர் என்பதை இது உணர்த்துகிறது.

நன்னியின் இளமை

நன்னி 1892 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். 1905இல், பன்னிரண்டு வயதில், கனடாவிற்கு அனுப்பப்பட்டார். கத்தோலிக்கச் சிறார்களை ஏற்று வந்த ஒட்டாவாவின் புனித ஜார்ஜ் இல்லத்தில் முதலில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் ஒன்ராறியோவின் கிளென்கேரி வட்டாரத்திலுள்ள நார்த் லங்காஸ்டர் என்னும் சிற்றூருக்குச் சென்றார்.

படையில் சேர்ந்தபோது தாம் பிறந்த ஊர் அயர்லாந்தின் டப்ளின் என்று நன்னி கூறினார். கிளாட் ஜோசப் பேட்ரிக் நன்னி என்னும் பெயரிலேயே அவர் படைத்துறை வரலாற்றில் அறியப்படுகிறார். பிறப்பிடம் குறித்த இம்முரண்பாட்டைச் சிறு பிழையாக ஒதுக்கிவிட இயலாது. இளமையிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் பலர் தம் பிறப்பு விவரங்களைத் தெளிவாக அறியாமல் வளர்ந்தனர். வேறு சிலர் இல்லச் சிறார் என்ற இழிவிலிருந்து நீங்கத் தம் கடந்தகாலத்தை மறைத்தனர். நன்னியின் கூற்றுக்கு இவ்விரு விளக்கங்களும் பொருந்தும். எவ்வாறாயினும், ஒருவர் தம் பிறப்பிடத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் நிலையைத் திட்டம் உருவாக்கியிருந்தது என்பது தெளிவு.

படைச்சேர்க்கையின் பின்புலம்

1914இல் போர் மூண்டபின் கனடியப் படையில் முதலில் சேர்ந்தவர்களுள் பெரும்பான்மையோர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். இல்லச் சிறாராக வந்தவர்களுள்ளும் ஆயிரக்கணக்கானோர் படையில் சேர்ந்தனர். நாட்டுப்பற்று இதற்கு ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் அன்று. படைவீரருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் ஊதியமும் பத்து சென்ட் களப்படியும் கிடைத்தன. கப்பற்கட்டணமின்றி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பிறந்த நாட்டிற்குச் சென்று, பிரிந்த உறவினரைத் தேடும் வாய்ப்பும் அதனோடு சேர்ந்து வந்தது. படைச்சேர்க்கைப் படிவம் ஒவ்வொருவரிடமும் பிறந்த ஊரையும் நெருங்கிய உறவினரின் பெயரையும் கேட்டது. பலருக்கும் எளிய இவ்வினாக்கள், உறவு அறுந்த இளைஞருக்கு எளியவையாக இருந்திருக்க இயலாது.

போர்க்களத்தில் நன்னி

நன்னி 1915இல் அலெக்சாண்ட்ரியா என்னும் ஊரில் 38ஆம் பட்டாளத்தில் சேர்ந்தார். பெர்முடாத் தீவில் காவற்பணி ஆற்றிய அப்பட்டாளம் 1916 ஆகஸ்டில் பிரான்சை அடைந்தது.

1917 ஏப்ரலில் நடைபெற்ற விமி முகட்டுப் போரில் நன்னியின் துப்பாக்கிப் பிரிவினர் அனைவரும் வீழ்ந்தனர். உடலில் இரண்டு இடங்களில் காயமுற்ற அவர், துப்பாக்கியையும் குண்டுகளையும் தாமே சுமந்து சென்று, இருநூற்றுக்கும் மேற்பட்ட பகைவரின் தாக்குதலைத் தனித்து நின்று தடுத்தார். அதன்பின் மூன்று நாள் பணியிலிருந்து விலகவில்லை. இதற்காகச் சிறப்பு நடத்தைப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு படைத்துறைப் பதக்கத்தையும் பெற்றார்.

1918 செப்டம்பர் 1 அன்று, வீஸ்-ஆன்-ஆர்ட்வா அருகே பட்டாளம் தாக்குதலுக்கு ஆயத்தமானபோது, செருமானியர் கடும் பீரங்கி வீச்சுடன் எதிர்த்தாக்குதல் தொடுத்தனர். பிரிவுத் தலைமையிடத்தில் இருந்த நன்னி, எவருடைய ஆணையையும் எதிர்பாராமல் குண்டுமழையினூடே முன்னணிக் காவல் நிலைகளுக்குச் சென்று, நிலைக்கு நிலை வீரர்களை ஊக்கினார். பகைவர் பின்வாங்கினர். மறுநாள் ட்ரோகூர்–கேயான் அரண்வரிசையைத் தாக்கியபோதும் தோழர்களுக்கு முன்னே சென்ற அவர் கடுங்காயமுற்றார். செப்டம்பர் 18 அன்று, இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். வடபிரான்சின் ஓபினி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். விக்டோரியா சிலுவைக்குரிய அறிவிப்பு டிசம்பரில் வெளியானது. அதற்கு முந்திய மாதமே போர் முடிந்திருந்தது.

புகழும் சான்றும்

சிறார்களை அனுப்பிய அமைப்புகள், தம் இளைஞர்கள் படையில் சேர்ந்ததைத் தம் பணியின் பயனாக எடுத்துக்காட்டின. இவ்வாதம் ஆய்வுக்கு நிற்பதில்லை. நன்னியின் துணிவுக்கு விருதுக்குறிப்புகள் சான்று தருகின்றன. அத்துணிவு குடியேற்றத் திட்டத்தால் விளைந்தது என்பதற்கு அவற்றில் சான்றில்லை. திட்டத்தில் சேராத வீரர்களும் இதே துணிவைக் காட்டியுள்ளனர். மேலும், விருது பெற்ற ஒருவரின் பெயர் நிலைக்க, பண்ணைகளில் தனிமையுற்ற பல்லாயிரவரின் வாழ்க்கை பதிவின்றிப் போயிற்று. ஒருவரது புகழைக் கொண்டு திட்டத்தை அளப்பது அப்பல்லாயிரவரைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

அரசுகளின் ஏற்பும் காலந்தாழ்ந்தே வந்தது. பிரித்தானியப் பிரதமர் கார்டன் பிரவுன் 2010 பிப்ரவரியில் சிறார் குடியேற்றத்திற்காக மன்னிப்புக் கோரினார். கனடிய அரசு 2010ஐப் பிரித்தானிய இல்லச் சிறார் ஆண்டாக அறிவித்ததாயினும் மன்னிப்புக் கோரவில்லை. கனடிய நாடாளுமன்றக் கீழவை 2017 பிப்ரவரியில் மன்னிப்புத் தீர்மானத்தை ஏற்றது. நன்னி இறந்து அப்போது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

முடிவுரை

சிறார் குடியேற்றம் அறநோக்கோடு தொடங்கப்பட்டபோதிலும், பண்ணை உழைப்பின் தேவையால் நிலைபெற்று, சிறார்களைக் குடும்பத்திலிருந்தும் பிறப்பிட நினைவிலிருந்தும் பிரித்தது. படைச்சேர்க்கை அவர்களுக்கு ஊதியத்தையும், தாயகம் மீளும் வழியையும், சமூக மதிப்பையும் ஒருங்கே அளித்தது. சிறுவனாக ஐயத்தோடு நோக்கப்பட்டவரையே சமூகம் படைவீரராகப் போற்றியது. ஆகவே நன்னியின் வாழ்க்கையை முழுமையாக அறிய, விருதுக்குறிப்பையும் குடியேற்றப் பதிவையும் ஒருசேரப் படித்தல் வேண்டும். டப்ளின் என்று அவர் கூறிய ஊரும், ஹேஸ்டிங்ஸ் என்னும் உண்மையான பிறப்பிடமும் அவ்வாறு படிக்கும்போதே பொருள் பெறுகின்றன.