எல்லா பட்டனும் ஏன் ஊதா?

ஏ.ஐ.யிடம் சொல்லிச் செய்த இணையதளத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. பட்டனின் நிறத்தைப் பார்த்தால் போதும். காபிக்கடையோ, கணக்கு மென்பொருளோ, யோகா வகுப்போ, பெரும்பாலும் நீலம் கலந்த அதே ஊதாதான். 2025 ஆகஸ்டில் இதற்காக ஒருவர் எக்ஸ் தளத்தில் விளையாட்டாக மன்னிப்பே கேட்டார். அவர், இணையப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்க உதவும் டெயில்விண்ட் சி.எஸ்.எஸ். என்ற கருவியை உருவாக்கிய ஆடம் வாதன். ஐந்து வருடங்களுக்கு முன்பு, தன்னுடைய மாதிரிப் பக்கங்களின் பட்டன்களுக்கெல்லாம் இண்டிகோ என்ற அந்த ஊதா நிறத்தைக் கொடுத்துவிட்டாராம். உலகத்திலுள்ள ஏ.ஐ. பக்கங்களெல்லாம் இண்டிகோவாகிப் போனதற்கு அதுதான் காரணமாம்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. இணையத்தில் எது அதிகமாகக் கிடக்கிறதோ அதைத்தான் ஏ.ஐ. மாடல் கற்றுக்கொள்கிறது. 'ஒரு பட்டன் போடு' என்று மட்டும் சொன்னால், அதிகம் பார்த்த பட்டனை எடுத்து நீட்டும்.

இதே சங்கடம் இன்னும் பெரிய இடத்தில், இன்னும் வெளிச்சத்தில் நடந்தது. செயலிகளின் திரைகளை வடிவமைப்பவர்களில் பெரும்பாலோர் இன்று புழங்குவது ஃபிக்மா. 2022-ல் அடோபி நிறுவனம் 2,000 கோடி டாலருக்கு அதை வாங்க முன்வந்தது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் முட்டுக்கட்டை போட்டதால், 2023 டிசம்பரில் ஃபிக்மாவுக்கு 100 கோடி டாலர் கொடுத்துவிட்டு அடோபி விலகிக்கொண்டது. அப்படிப்பட்ட ஃபிக்மா, 2024 ஜூனில் 'மேக் டிசைன்ஸ்' என்ற ஏ.ஐ. வசதியை அறிமுகப்படுத்தியது. என்ன வேண்டும் என்று ஓரிரு வரி எழுதினால் திரையே தயாராகிவிடும். சில நாட்களிலேயே ஆண்டி ஆலன் என்ற வடிவமைப்பாளர் வானிலைச் செயலி ஒன்றைக் கேட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பக் கேட்டும், ஆப்பிளின் வானிலைச் செயலியை உரித்து வைத்ததுபோலவே வந்தது. படங்களை அவர் வெளியிட்டதும், ஃபிக்மாவின் தலைமை நிர்வாகி டிலன் ஃபீல்ட் அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்தினார். வாடிக்கையாளர்களின் கோப்புகளை வைத்து மாடலைப் பயிற்றுவிக்கவில்லை என்றது நிறுவனம். அவசரத்தில் சேர்த்த சில மாதிரித் திரைகளைச் சரியாகப் பரிசோதிக்காமல் விட்டதுதான் கோளாறு என்பது அவர்கள் தந்த விளக்கம். சில மாதங்கள் கழித்து 'ஃபர்ஸ்ட் டிராஃப்ட்' என்று பெயர் மாற்றி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் வரைவு! அந்தக் கருவிக்கு இதைவிட நேர்மையான பெயர் கிடைக்காது.

வரைவு சும்மா கிடைக்கிறது என்றால், வடிவமைப்பாளரின் வேலை எங்கே போகிறது?

இணையம் பரவத் தொடங்கிய 1990-களில் 'வெப்மாஸ்டர்' என்றொருவர் இருந்தார். எழுதுவது, வரைவது, கோட் அடிப்பது, சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்துவது எல்லாம் அவர்தான். பிறகு ஸ்மார்ட்போன்களும் பெரிய நிறுவனங்களும் வந்தன. அந்த ஒரு ஆள் பல ஆளாகப் பிரிந்தார். பயனர்களைச் சந்தித்துப் பேச ஓர் ஆய்வாளர், திரை எப்படி நகரவேண்டும் என்று தீர்மானிக்க ஒருவர், நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் ஒருவர், பட்டன் மேல் என்ன எழுதுவது என்பதற்கு ஒருவர். டிசைனர் ஃபிக்மாவில் வரைந்து கொடுப்பார். டெவலப்பர் அதைப் பார்த்துக் கோட் எழுதுவார். கைமாறும்போது பாதி தொலையும், மீதிக்குச் சண்டை நடக்கும்.

இப்போது அந்தச் சுவர்கள் மறுபடி இடிகின்றன. வெர்சலின் வி-ஜீரோ, லவ்வபிள், 2025 மே மாதம் வந்த ஃபிக்மா மேக் போன்ற கருவிகளில், சொன்னதைக் கேட்டு நிஜமாகவே இயங்கும் மாதிரி கிடைக்கிறது. வரைந்தவரே அன்று மாலையே நாலு பேர் கையில் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். லிங்க்ட்இன் நிறுவனம் இளம் தயாரிப்பு மேலாளர்களுக்கு நடத்திவந்த பயிற்சியை விட்டுவிட்டு, கோட், டிசைன், தயாரிப்புத் திட்டமிடல் மூன்றையும் ஒருவருக்கே கற்பிக்கும் திட்டத்துக்கு மாறுவதாக 2025 இறுதியில் அறிவித்தது. எல்லாம் தெரிந்த ஆளுக்கு மவுசு திரும்பியிருக்கிறது. ஒருவரை வைத்து மூன்று பேர் வேலையை வாங்கலாம் என்ற கணக்கும் முதலாளிகள் மனதில் ஓடும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் அந்த ஆளுக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்குத் திரை கேட்டால் ஏ.ஐ. அழகாகவே தரும். பச்சை டிக் போட்டு, 'வெற்றி' என்று சொல்லும் திரையும் வரும். நம் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை, பின்னால் வரிசை நிற்கிறது என்ற நிலைக்கான திரை, கேட்டால் ஒழிய பெரும்பாலும் வராது. மளிகைக்கடையில் ஒருமுறையாவது அப்படி முழித்துக்கொண்டு நின்றவருக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றும்.

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து என்பது இன்னொரு வாடிக்கை. இணைய அணுகல் வழிகாட்டுதல்களின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். நாசூக்காகத் தெரிகிறதே என்று போடும் சாம்பல் பல நேரம் 3-ஐக்கூடத் தொடாது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று போனைப் பார்க்கும் அறுபது வயதுக்காரருக்கு அது வெற்றுத் திரை. தமிழுக்கோ கூடுதல் தொல்லை: ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிகிற 'சேவ்', தமிழில் 'சேமிக்கவும்' என்று நீண்டு பட்டனைவிட்டு வெளியே வழியும்.

இந்த மாதிரிச் சங்கதிகளையெல்லாம் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் கற்றார்கள். ஐகானை ஐந்து அளவில் வெட்டுவது, ஒரே திரையை இருபது நிலைகளில் வரைவது, சீனியர் திருப்பி அனுப்பியதை மறுபடி செய்வது என்று அலுப்பூட்டும் வேலைகள் அவை. முதலில் ஏ.ஐ. கைக்குப் போவதும் அவைதான். அனுபவசாலிகளுக்கு இதில் நேரம் மிச்சம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும் என்பதற்கு, லிங்க்ட்இன் மாதிரிப் பயிற்சித் திட்டங்களைத் தவிர, தொழிலில் இன்னும் பெரிதாக ஏற்பாடு எதுவும் தெரியவில்லை.